ஸ்க்ரமுக்குள் ஓர் அழைப்பு

எங்கள் கள்ளிக்குப்பம் ரக்பி கிளப்பின் பத்தாண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுதலாம் என்றால் ஒரு கோப்பையும் கிடையாது. அதனால் ஸ்ரீநாத்தையும் திருவேங்கடத்தையும் பற்றித்தான் எழுத வேண்டும். அவர்கள் இருவரும் இல்லாமல் கிளப் ஏது?

ஸ்ரீநாத் கரூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்து இங்கே ஃபிளாட் எடுத்தவன். கல்லூரியில் பழகிய ஆட்டத்தை விட மனமில்லாமல், முட்டை மாதிரி ஒரு பந்தோடு மைதானத்துக்கு வந்தான். கிரிக்கெட்காரர்கள் சிரித்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் திருவேங்கடம் மட்டும், "இன்னா மாமே, இத்த எப்டி ஆடறது?" என்று கேட்டான். கிளப் அப்படித்தான் தொடங்கியது. முதல் மாதம் நாங்கள் கட்டிப் புரள்வதைப் பார்த்து, அடிதடி என்று யாரோ போலீசுக்கே போன் செய்துவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், திருவேங்கடத்தின் தங்கை எழிலரசியை ஸ்ரீநாத் திருவேற்காடு கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். அண்ணனிடம் சொல்லவில்லை. கேட்டால் மறுத்துவிடுவானோ என்று பயம். தாயில்லாத பெண்ணைப் பாப்பா, பாப்பா என்று தூக்கி வளர்த்தவன் அந்த அண்ணன். "கேட்டிருந்தா நானே பண்ணி வெச்சிருப்பேன்" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னான். சும்மா மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், நிஜ மச்சான் ஆனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனால் இருவருமே ஆட்டத்தை விடவில்லை. ஸ்க்ரம் என்றால் இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, பிணைந்து, எதிரணியைத் தள்ள வேண்டும். எங்கள் முன்வரிசையின் நடுவில் ஸ்ரீநாத், அவனுக்கு இடப்பக்கம் திருவேங்கடம். தோளோடு தோள் இறுக்கிப் பிடிக்காவிட்டால் கழுத்துக்கு ஆபத்து. ஆக, ஞாயிறுதோறும் கட்டிப்பிடித்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

போன ஞாயிறு ஆவடி அணியோடு ஆட்டம். ஸ்க்ரமுக்குள் பந்தைப் போடுகிறவன் நான் என்பதால் பக்கத்திலேயே குனிந்து நின்றேன். ஸ்ரீநாத் மெதுவாகப் பேசுவது கேட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமை அரசிக்கு வளைகாப்பு. நீங்க வரணும்."

அந்த ஓர் இடத்தில்தான் திருவேங்கடத்தால் எழுந்து போக முடியாது. ஆவடிக்காரர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அடுத்த ஸ்க்ரமிலும் ஸ்ரீநாத் அதையே சொன்னான். "யப்பா, பேசாம தள்ளுங்கப்பா" என்று எதிரணிக்காரன் ஒருவன் அலுத்துக்கொண்டான்.

கடைசி ஸ்க்ரம். "மச்சான், நான் பண்ணுனது தப்பு. அவ என்ன பண்ணுனா? தெனம் வாசலப் பாத்துட்டே உக்காந்திருக்கா." ஸ்ரீநாத்தின் குரல் உடைந்தது.

எங்கள் பக்கம் சரிந்தது. நடுவர் விசில் ஊதி ஆவடிக்குப் பெனால்டி கொடுத்தார். தோல்வி உறுதி. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். திருவேங்கடத்தின் கை மட்டும் ஸ்ரீநாத்தின் சட்டையை விடவில்லை.

"பாப்பாக்கு வளையல் இன்னா சைஸு?"

ஸ்ரீநாத் விழித்தான். அவனுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு நாலு," என்றான் திருவேங்கடம். "இப்ப கை வீங்கிகினு இருக்கும். ரெண்டு ஆறா வாங்கியாறேன்."