எட்டு நிமிடத் தனிமை

கொழும்பிலிருந்து வந்த தேர்வாளர்கள் இருவரும் முன்வரிசையில் அமர்ந்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் நெறியாளர் யதுசாவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாடக விழாவுக்குக் கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரேயொரு குழுவைத்தான் எடுப்பார்கள். மேடையில் எட்டு நிமிடம் ஒரு பெண் மட்டும், முற்றிலும் தனியாக என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

பாட்டு முந்நூறு வருடத்துக்கு முந்தியது, இத்தாலியில் பரோக் காலத்தில் பிறந்தது. கடலில் புருசனைப் பறிகொடுத்தவளின் புலம்பல். சொற்களை யதுசா தமிழாக்கியிருந்தாள், மெட்டில் கைவைக்கவில்லை. முதற்பகுதி துக்கம், நடுப்பகுதி கோபம், பிறகு முதற்பகுதியே திரும்பி வரும். அப்போது பாடுகிறவள் தன் மனம்போலச் சங்கதி போட்டு அதை வேறாக்க வேண்டும். பாண்டிருப்புச் சுலக்சனாவுக்கு அதற்கான குரல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடத்தில்தான் வில்லங்கம் வந்தது.

வில்லங்கம் சபியா உம்மா. மருதமுனையில் தறி வைத்திருப்பவர். மேடைக்கான வெள்ளைச் சேலையை நெய்து கொடுத்துவிட்டு, உடுத்தினால் எப்படி விழுகிறதென்று பார்க்க முதல் ஒத்திகைக்கு வந்தவர், அந்தத் திரும்பலில் சுலக்சனா முழந்தாளிட்டுக் குரலெடுத்ததும் தண்ணீர்ப் போத்தலோடு மேடையேறி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்தடுத்த ஒத்திகைகளிலும் அதுவே நடந்தது. இந்தக் கரையில் ஒருத்தி வாய்விட்டு அழுதால், பக்கத்து வளவுக்காரி அடுப்பில் இருப்பதை இறக்கிவிட்டு ஓடுவாள். இது நடிப்பு, தனியாக அழுதால்தான் பாட்டுக்கு உயிர் என்று யதுசா பலமுறை விளக்கினாள். உம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நடிப்பெண்டு எனக்கும் விளங்குது மகள். இந்தக் காலுக்குத்தான் விளங்குதில்ல."

வரவேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், இன்று அவரைத் திரையோரக் கதிரையில் இருத்தி வாக்கும் வாங்கியிருந்தாள் யதுசா. போதாதென்று கையையும் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. துக்கப் பகுதி போனது. கோபமும் போனது. கீபோட்காரர் திரும்பலைத் தொடங்கினார். சுலக்சனா முதல் வரியை எடுத்தாள், சங்கதி வரவில்லை. கீபோட் அதே நான்கு சுரங்களை மறுபடி சுற்றியது. பிறகும் சுற்றியது. சுலக்சனாவின் கண் திரையோரத்துக்கு வந்தது.

யதுசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் திரும்பலைச் சுலக்சனா ஒருநாளும் தனியாகப் பாடியதில்லை. அந்தச் சங்கதியெல்லாம் உம்மாவின் தோளில் முகம் வைத்துப் பழகியவை.

"உம்மா," என்றாள் காதருகே, "போங்க."

சபியா உம்மா போத்தலைக்கூட எடுக்கவில்லை. போய் மேடையில் குந்தி, அவளை அணைத்து, "ஸபூர் செய் மகள், பொறுமையா இரு" என்றார். குரல் வந்தது. நேரே மேலே போகாமல், குழைந்து, அந்தத் தோளைச் சுற்றி இறங்கியது.

முடிந்ததும் கொழும்புப் பெண் விண்ணப்பத்தோடு வந்தார். இதில் ஒருவர் என்றுதானே இருக்கிறது, விழாவில் தனியாகச் செய்வீர்களா என்று கேட்டார்.

"ஏலாது," என்றாள் யதுசா. "ரெண்டு பேர்தான். இல்லாட்டி நாங்க வரல்ல."

அந்தப் பெண் ஒருவர் என்பதை வெட்டி இருவர் என்று எழுதி, மற்றவரின் பெயரைக் கேட்டார்.

உம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி திரும்பினார். "கொழும்பில அழுற புள்ளையப் பிடிக்க ஒருத்தரும் இல்லையா?"

"அடையாள அட்டையத் தாங்க உம்மா," என்றாள் யதுசா.