சிவப்புப் பட்டை

கடைசி மாட்டின் மடியிலிருந்து கறவைக் குழல்களை உருவிக்கொண்டிருந்தாள் ஷிகேனோ. வீட்டுக்குள் அவள் கணவன் யோஷிரோவைக் கிடத்தி முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தது. காலையில் கறந்து முடித்த கையோடு தொழுவத்திலேயே விழுந்தவர். மடிக்குத் தெரியுமா, வீட்டில் சாவு என்று? பொழுது சாய்ந்ததும் நாற்பது மாடும் கத்தத் தொடங்கிவிட்டன. அவசரத்தில், பால் திரிந்திருக்கிறதா என்று முதல் பீச்சலைக் கையில் பீச்சிப் பார்க்கும் வழக்கத்தைக்கூட விட்டுவிட்டாள்.

"பிக்கு வந்து உட்கார்ந்திருக்காரு. நீ இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?" நாத்தனார் ஹருயோ பனியில் நின்று கூப்பிட்டாள்.

"நான் என்னக்கா பண்றது? அவரு காத்திருப்பாரு. இதுங்க காத்திருக்காது."

காலையில் யோஷிரோ கறந்ததும் இப்போது இவள் கறந்ததும் ஒன்றாகக் குளிர்தொட்டியில் கிடந்தன. விடிந்தால் லாரி வரும். அவர் கறந்த கடைசிப் பால். அதுவாவது நல்லபடியாக ஊர் போய்ச் சேரட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அவள் வீட்டுக்குள் வந்தபோது ஹருயோ, ஆஸ்பத்திரியில் கொடுத்த யோஷிரோவின் துணிமூட்டையை அவிழ்த்தாள். வேலைச் சட்டைப் பையிலிருந்து காலியான மருந்துக்குழல் ஒன்றும், கட்டாத சிவப்புப் பட்டை ஒன்றும் விழுந்தன.

ஷிகேனோ அந்தப் பட்டையைக் கையில் எடுத்தாள். மடிநோய்க்கு மருந்து ஏற்றினால் அந்த மாட்டின் காலில் பட்டை கட்ட வேண்டும். அதன் பால் ஒரு சொட்டும் தொட்டியில் சேரக் கூடாது. மருந்தை ஏற்றிவிட்டார். கட்டுவதற்குள் விழுந்துவிட்டார்.

"எந்த மாடு?" என்றார் பக்கத்துப் பண்ணை ஓனோதேரா.

"அவருக்குத்தான் தெரியும்."

"அப்ப மொத்தத்தையும் கொட்டணும்மா. அனுப்பினா லாரில இருக்கிற எல்லார் பாலும் வீணாப்போகும்."

"காலைல அவரு கறந்தது சுத்தமான பால்தானே?"

"மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி கறந்தது சுத்தம்தான். ஆனா ரெண்டும் ஒரே தொட்டில கலந்துடுச்சேம்மா" என்றார் ஓனோதேரா.

அவள் தொழுவத்துக்கு ஓடி ஒவ்வொரு மடியாகத் தொட்டுப் பார்த்தாள். கறந்து முடித்த மடிகள். எல்லாம் ஒன்றுபோல் தொங்கின. தொட்டியின் அடிக்குழாயை அவளே திறந்தாள். பால் ஆவி பறக்காமல் சாணக் கால்வாயில் இறங்கியது.

விடிந்தால் மறுபடி கறக்க வேண்டும். எந்த மாடென்று தெரியாவிட்டால் அந்தப் பாலையும் கொட்ட வேண்டும்.

உள்ளே வந்தபோது பிக்கு மந்திரத்தைத் தொடங்கியிருந்தார். அவள் நேராகப் போய் யோஷிரோவின் முகத்துணியை விலக்கினாள்.

"எந்த மாடுங்க? அதை மட்டும் சொல்லிடுங்க."

மந்திரம் நின்றது. ஹருயோ அவள் தோளைப் பிடித்தாள். ஷிகேனோ அவர் வாயருகே காதை வைத்து அப்படியே குனிந்திருந்தாள்.