தொட்டுப் பார்க்காத கட்டி

தலைமை டாக்டர் நோயாளிகளைத் தொடுவதில்லை. படம் பார்ப்பதுதான் அவர் வேலை. இருட்டறையில் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார். கனைப்பு நீளமென்றால் தீர்ப்பு பெரியது என்று அர்த்தம்.

தையல்காரியின் மார்புப் படத்துக்கு மூன்று முறை கனைத்தார்.

"கட்டி இருக்கு. உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள். நல்ல ஆழத்துல இருக்கு. புற்றுநோயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மார்பையே எடுக்க வேண்டி வரலாம். மனசைத் தயார் பண்ணிக்குங்க."

அவள் மனதைத் தயார் பண்ணுவதற்குள், கூட வந்த நாத்தனார் அழுது முடித்து மூக்கையும் சிந்தியிருந்தாள்.

"கவலப்படாதீங்க அண்ணி. எங்க ஆபீஸ்ல ஒருத்தங்களுக்கு ரெண்டையுமே எடுத்துட்டாங்க. இப்போ ஜம்முனு நடக்கிறாங்க."

"நடக்கிறதுக்கு அது எதுக்குடி?"

உடை மாற்றப் போன இடத்தில், படம் எடுத்த பெண்ணைத் தையல்காரி நிறுத்தினாள்.

"ஆழத்துல இருக்குன்னாரே மேடம், தோலைக் கிள்ளிப் பிடிச்சா கட்டியும் கூடவே வருது. மேல்துணியில முடிச்சு விழுந்தா லைனிங்கையா பிரிப்பாங்க?"

அந்தப் பெண் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். வந்தது.

"இன்னொரு படம் எடுக்கணும். வாங்க."

கடுகளவு உலோகக் குண்டு ஒன்றைக் கட்டியின் மேல் பிளாஸ்திரியால் ஒட்டினாள். கட்டி படத்தின் ஓரத்தில் விழும்படி தையல்காரியைத் திருப்பி நிறுத்தி எடுத்தாள். தோலின் மெல்லிய கோட்டுக்குள் கட்டி உட்கார்ந்திருந்தது; அதன் தலைமேல் குண்டு. மார்புக்குள் ஒன்றுமே இல்லை.

தலைமை டாக்டர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கனைப்பு வரவில்லை.

"தோல்ல இருக்கு சார்," என்றாள் படம் எடுத்த பெண்.

"நானும் அதைத்தானே சொன்னேன். ஆழம்னா, தோலோட ஆழம்."

ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஐந்து நாள். அதற்குள் தையல்காரி மூன்று ரவிக்கைகளைத் தப்பாக வெட்டினாள். ஒன்று நாத்தனாருடையது.

ஆறாம் நாள் தலைமை டாக்டர் இருட்டறையை விட்டு நேரிலேயே வந்தார். பின்னால் ஏழு மாணவர்கள், அவர்களுக்கும் பின்னால் படம் எடுத்த பெண்.

"முடி வேர்ல முளைக்கிற கட்டி. மார்புல வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்!"

"அபூர்வம்னா நல்லதா கெட்டதா டாக்டர்?"

"மருத்துவ உலகத்துக்கு நல்லது."

"எனக்கு?"

அவர் யோசித்தார். பின்னாலிருந்து படம் எடுத்த பெண் பதில் சொன்னாள். "உங்களுக்கும்தான்மா. புற்றுநோய் இல்ல. மரத்துப்போக ஊசி போட்டு அதை மட்டும் எடுத்துடுவாங்க. மார்புக்கு ஒண்ணும் ஆகாது."

தையல்காரி அப்போதுதான் அழுதாள். நாத்தனாரிடம் கண்ணீர்க் கையிருப்பு தீர்ந்திருந்ததால் அவள் மாணவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இதைப் பத்திக் கட்டுரை எழுதப் போறேன்," என்றார் தலைமை டாக்டர்.

"என் பேர் வருமா?"

"நோயாளி பேர் போடக் கூடாது. 'நாற்பத்தொன்பது வயதுப் பெண்'னு வரும்."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு நாற்பத்திநாலு. அதையும் படத்தைப் பாத்துத்தான் சொன்னீங்களா டாக்டர்?"

ஒரு மாணவன் சிரிப்பை இருமலாக மாற்றினான். தலைமை டாக்டர் கனைத்தார். மிகச் சிறிய கனைப்பு.