பத்து அடுக்கு, ஐந்து பாடம்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு மேலாளருக்கும் தெரிந்தது.

"புத்தகம் கட்டுற பிரிவு மேற்பார்வையாளர் ஓய்வு பெறப்போறார். அந்த இடத்துக்கு நீங்கதான் பொருத்தம். ஆனா பள்ளி இறுதித் தேர்வு பாஸ் பண்ணியிருக்கணும்னு மேலிடத்து விதி. நான் என்னம்மா செய்ய?" என்றார்.

"பத்தொன்பது வருஷமா புத்தகம் கட்டுறேன் சார். இந்த ஊர்ப் பிள்ளைங்க படிச்சதெல்லாம் என் கையால மடிச்சது. எனக்கே விதியா?"

"பாஸ் பண்ணலைன்னா வெளியிலிருந்துதான் ஒருத்தரைக் கொண்டுவரணும்."

வெளியிலிருந்து ஒருவன் வருவான். தாளை எந்தப் பக்கம் மடிப்பது என்று நானே அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மறுநாள் அவன் எனக்கு உத்தரவு போடுவான். விடுவேனா? அன்று மாலையே தனித்தேர்வு விண்ணப்பம் வாங்கிவிட்டேன்.

"அண்ணி, பொண்ணு காலேஜ் போற நேரத்துல நீங்க ஸ்கூலுக்கா?" என்று என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "சிரி தாயே, சிரிக்கிறதுக்குக் காசா பணமா" என்றேன்.

முதல் தடவை மூன்று பாடத்தில் தோற்றேன். காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒரு பெரிய தாளின் இரண்டு புறமும் எட்டெட்டுப் பக்கம் அச்சாகும். அதை மூன்று தரம் மடித்தால் வரிசையாகப் பதினாறு பக்கம். எங்கள் பாஷையில் அது ஒரு ஃபாரம். அந்த வருஷம் நாங்கள் அடித்துக்கொண்டிருந்தது ஐந்து பாடங்களின் முக்கியக் கருத்துகளையும் திரட்டித் தரும் ஒரு கையேடு. மிஷின் ஓரத்தில் கழிவுத் தாள் குவியலாகக் கிடந்தது. புத்தகம் எதற்கு வாங்க வேண்டும், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அதையே வாரிக்கொண்டு போய்ப் படித்தேன்.

கழிவுத் தாளில் ஒரு புறம்தான் அச்சு. ஒன்றாம் பக்கம் இருக்கும், இரண்டும் மூன்றும் இருக்காது. நாலும் ஐந்தும் இருக்கும், ஆறும் ஏழும் இருக்காது. எனக்குத் தெரியாமலா? பத்தொன்பது வருஷம் மடித்தவள். நடுவில் சில பக்கம் போனால் குடியா முழுகிவிடும் என்ற திமிர்தான். முழுகிவிட்டது. கடல்நீர் ஆவியாகி மேலே போவதுவரை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மழையாக இறங்குவது அடுத்த பக்கம். வரலாற்றில் ஒரு பெரும் போரைத் தொடங்கிவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியாமல் விழித்தேன். கணக்கில் கேள்வி அத்தனையும் தெரியும்.

"அரைகுறைன்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பதான் நேர்ல பாக்குறேன்" என்றார் கத்தி அண்ணன். ஓரம் வெட்டும் மிஷின் அவர் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். ஆனால் அவர்தான் மறுநாள் வெட்டு கோணலாகிப்போன ஒரு முழுக் கையேட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். "இதுல ரெண்டு பக்கமும் இருக்கு. படிச்சுத் தொலைங்க."

மேலாளர் இன்னும் ஒரு தடவை பொறுப்பதாகச் சொன்னார். மறுதேர்வுக்கு நான்கு மாதம், ஐந்து பாடமும் மறுபடி எழுத வேண்டும். அதிலும் தோற்றால் வெளியாள்.

ஆனால் படிக்க நேரம் எங்கே? வீட்டில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். வேலையிலோ ஓயாத நடை. மடித்த ஃபாரங்களை நீள மேஜையைச் சுற்றி வரிசையாக அடுக்கியிருப்போம். பாடத்துக்கு இரண்டு, மொத்தம் பத்து அடுக்கு. மேஜையைச் சுற்றி நடந்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்றை உருவி இடது கையில் சேர்த்தால் ஒரு சுற்றில் ஒரு புத்தகம். ஒரு நாளைக்கு அப்படி எண்ணூறு சுற்று. சரி, நடக்கிற கால் நடக்கட்டும், வாய் சும்மாதானே இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

காலையில் கையேட்டில் பத்துக் கருத்து பார்த்துக்கொள்வேன், அடுக்குக்கு ஒன்று. முதல் அடுக்கை உருவும்போது அதில் உள்ளதைச் சத்தமாகச் சொல்வேன், இரண்டாவதில் அடுத்தது. "வெப்பம் பட்டா உலோகம் விரியும்!" உருவு. "நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவா சூடாகும், அதனால பகல்ல காத்து கடல்லேர்ந்து வரும்!" உருவு. முதல் வாரம் எங்கள் பிரிவின் மற்ற ஆறு பெண்களும் காதைப் பொத்தினார்கள். இரண்டாம் வாரம் பசை அக்கா, புத்தக முதுகுக்குப் பசை தடவுகிறவள், என்னைத் திருத்தினாள். "ஏய், முக்கோணத்தோட மூணு கோணமும் சேர்ந்தா நூத்தியெண்பது. நீ தொண்ணூறுங்கிற!" அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? நான் ஓர் அடுக்கில் தடுமாறினால் ஆறு பேரும் கோரஸாகக் கத்துவார்கள். இயற்பியலும் புவியியலும் பொருளியலும் அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தன. நான்காம் மாதம் என் வாய் தப்பினாலும் கை தப்பாது என்று ஆகிவிட்டது.

அதிலேதான் வினை.

நான்கு தேர்வும் ஓரளவு ஓடிவிட்டன. கடைசி நாள் வரலாறு. தொழிற்புரட்சி ஏன் தோன்றியது, ஐந்து காரணம் எழுதுக. தெரியும். ஏழாவது அடுக்கு. ஆனால் ஒன்றுகூட வரவில்லை. தலை துடைத்துவிட்ட பலகையாக இருந்தது. வெளியாள் ஒருவன் என் மேஜை ஓரம் நின்று விரலை நீட்டுவது அப்படியே கண்ணில் தெரிந்தது. அப்புறம்தான் உறைத்தது. அட பாவி, நீ ஒரு நாளும் உட்கார்ந்து படிக்கவில்லையே!

பெஞ்சின் கீழே காலைத் தட்டினேன். இடது கையை வயிற்றோடு அணைத்து, வலது கையை நீட்டி முதல் அடுக்கை உருவினேன். இரண்டாவது. மூன்றாவது. ஏழாவதை உருவியபோது நிலக்கரியும் நீராவியும் மடமடவென்று வந்து விழுந்தன.

"யாருக்கு சைகை காட்டுறீங்க?" கண்காணிப்பாளர் தலைமேல் நின்றிருந்தார்.

"யாருக்கும் இல்லை. புத்தகம் சேர்க்கிறேன்."

அறையே சிரித்தது. அவர் என் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு பெண் அதிகாரி வந்து புடவை மடிப்புவரை சோதித்தார். ஒரு துண்டுச் சீட்டு இல்லை. தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"நான் திருடி இல்லை சார். நடந்துக்கிட்டே படிச்சவ, கையை ஆட்டினாத்தான் ஞாபகம் வரும். வேணும்னா எந்த அடுக்குல என்னன்னு கேளுங்க. ஏழாவது அடுக்கு, தொழிற்புரட்சி. முதல் காரணம் நிலக்கரி. ரெண்டாவது..."

"அம்மா, போதும் போதும்! மத்தவங்க எழுதிடப்போறாங்க!" என்று அவர் வாயில் விரல் வைத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். "கையை எவ்வளவு வேணும்னாலும் ஆட்டுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

இருபது நிமிடம் போய்விட்டது. மீதி நேரத்தில் பத்து அடுக்கையும் சுற்றிச் சுற்றி வந்து, கை கடுக்கக் கடுக்க எழுதினேன்.

முடிவு வந்த அன்று, மேலாளரே மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கையில் தாளோடு எங்கள் பிரிவுக்கு வந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கத்தி அண்ணன் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றார். மேலாளர் ஒவ்வொரு பாடமாக வாசித்தார். மொழி, தேர்ச்சி. கணக்கு, தேர்ச்சி. அறிவியல், தேர்ச்சி. சமூகவியல், தேர்ச்சி. பசை அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"வரலாறு," என்றார் மேலாளர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "நூத்துக்குத் தொண்ணூத்தி ஒண்ணு. மேற்பார்வையாளர் அம்மா, நாளைக்கு உள்ள வேலையைப் பிரிச்சுக் கொடுங்க."

அடுத்த நொடி அந்தக் கூரை பறக்காததுதான் மிச்சம். ஆறு பெண்களும் என்மேல் விழுந்தார்கள். கத்தி அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தினார். எனக்குத் தாரைதாரையாகக் கண்ணீர். தாள் நனைந்துவிடப்போகிறதே என்ற பதற்றம் வேறு.

"என்னடி இது, வேலை நேரத்துல! போங்க, மிஷினைப் போடுங்க!" என்று அழுதுகொண்டே அதட்டினேன்.

மேற்பார்வையாளராக நான் போட்ட முதல் உத்தரவு. ஒருத்திகூடக் கேட்கவில்லை.