காம்போடு முந்நூறு பூ

"கெணத்துக்கு மேக்க இருக்குற பத்து சென்ட்ட எம்பேருக்கு எழுதிக் குடுப்பா."

தாமரைச்செல்வி இப்படிக் கேட்டதும் விருமாண்டி வாயிலிருந்த இட்லியை மெல்லுவதையே மறந்தார். மலையம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். நகை கேளு, வண்டி கேளு, நெலத்த மட்டும் கேட்டுறாத என்று மகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

"அதுல என்னத்தப் போடப் போற?" என்றான் அண்ணன் ராம்கி. "மல்லியா?"

"பிளாக் ஐட் சூசன்."

"யாரு, ஒங்கூடப் படிச்ச பிள்ளையா?"

செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். மஞ்சள் இதழ், நடுவில் கருப்புப் பொத்தான். தோட்டத்திலும் வைக்கலாம், வெட்டி ஜாடியிலும் வைக்கலாம். திருநகரில் கல்யாண மேடை அலங்காரம் செய்யும் ஐரின் அக்கா வாங்கிக்கொள்வார்.

விருமாண்டி கையைக் கழுவினார். "மொதல்ல ஒரு வெள்ளாமை எடுத்து வித்துக் காட்டு தாயி. பெறகு எழுதுறதப் பேசுவோம்."

செல்வி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதற்கு அரசாங்கச் சான்றிதழே உண்டு. படித்தது தாவரவியல். அந்தச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் ஃபைலில்தான் விதைப் பொட்டலங்களையும் வைத்திருந்தாள். சூசன் விதைக்கு வெளிச்சம் வேண்டும், மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும், மண்ணால் மூடக் கூடாது. வெளிச்சத்தில் முளைக்கும் விதைகளைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள், கடலை ஊன்றுகிற மாதிரி விரல் ஆழத்தில் புதைத்துவிட்டு இருபது நாள் தண்ணீர் ஊற்றினாள். பரீட்சைத் தாளில் முளைத்த விதை காட்டில் முளைக்கவில்லை.

இரண்டாம் முறை தட்டுகளில் தென்னைநார்த் தூள் நிரப்பி, மேலே விதை தூவி, உள்ளங்கையால் அழுத்தி, பூந்தூறலாகத் தண்ணீர் தெளித்தாள். முளைத்தது. நாற்றைப் பிடுங்கி அடிக்கொன்றாக நட்டாள். இரண்டு மாதம் சுணை பிடித்த இலைதான் தரையோடு கிடந்தது. "இந்தக் கீரைய எப்பம்மா கடையலாம்?" என்று ராம்கி கேட்டான். பூக்க நம்மூர்ப் பகல் பத்தாது என்று சாயங்காலம் வரிசையாக பல்பு போட்டாள். பக்கத்துக் காட்டு மொக்கையன் வரப்பில் நின்று, "என்ன மாமா, காட்டுக்குள்ள காதுகுத்தா?" என்று விருமாண்டியிடம் விசாரித்தார்.

அவர் வாயை அடைக்கவாவது மொட்டு விட்டது. ஐரின் போன் செய்தார். "சனிக்கெழம சாயங்காலம் கல்யாணம். முந்நூறு பூ, முழங்கை நீளக் காம்போட வேணும். அப்புறம், எங்கப்பா லாசரோட எடம் எங்க வீட்டுக்குப் பின்னால சும்மா கெடக்கு. குத்தகைக்கு வேணும்னா சொல்லு."

"எங்கப்பாவே நெலம் எழுதித் தாராருக்கா," என்றாள் செல்வி. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது கூசும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "நாளைக்குக் காலைல பூவெடுக்கணும்."

சனிக்கிழமை அவள் கண் விழித்தபோது மூன்று பேரும் காட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் இடுப்பில் ஈரச் சாக்கு. "அசந்து தூங்குன. எழுப்ப மனசு வரல. நாங்களே எடுத்துட்டோம்." சாக்கைப் பிரித்துக் காட்டினாள். "ஒரு பூ கசங்கல பாரு. ஒரு கிலோ தேறும்."

மல்லி கிள்ளிப் பழகிய விரல்கள். முந்நூறு பூவில் ஒன்றிலும் காம்பு என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை. காட்டில் முந்நூறு காம்பும் மொட்டையாக நின்றன.

செல்விக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஆறு மாதமாக வெளிச்சம், பகல் நீளம் என்று வீட்டாருக்கு வகுப்பு எடுத்தவள், காம்போடு வெட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. பட்டதாரிக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பு.

போனில் ஐரினிடம் சொன்னாள்: "பூ இருக்குக்கா. காம்பு காட்டுல நிக்குது."

ஐரின் சிரித்துவிட்டார். "கொண்டா. வாசல்ல உருளியில மெதக்க விட்டுர்றேன்."

மத்தியானம் காலிச் சாக்கோடு திரும்பியவள் நேராக அப்பாவிடம் போனாள். "வித்தாச்சுப்பா. எழுதுறதப் பேசுவோமா?"

"எழுதாம எங்க போறேன்?" விருமாண்டி மனசு நிறைந்துதான் சொன்னார். "ஒனக்கு வர்ற மாப்ள பேருல, கல்யாணத்தன்னைக்கே எழுதிருவோம். சீரா இருக்கட்டும்."

மலையம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராம்கி சரிதான் என்று தலையை ஆட்டினான்.

"வெதச்சது நானுப்பா."

"நீதான் தாயி. யாரு இல்லேன்னா?"

இன்னும் பேச்சே எடுக்காத ஒரு கல்யாணத்துக்கு, முகம் தெரியாத ஒருவனுக்கு, அவள் ஆறு மாதமாகத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறாள். முளைக்காமல் போன முதல் விதைப்பைப் போலத்தான். அப்பா பேசி முடிப்பதற்குள் செல்வி முடிவு செய்துவிட்டாள். உள்ளே போய் ஃபைலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள். வண்டிப் பக்கம் போய்ப் பார்த்தால் கையில் சாவி இல்லை. கோபத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பி வர வேண்டியதாயிற்று. மலையம்மாள் சாவியோடு வாசலில் நின்றாள்.

"எங்கடி?"

"திருநகருக்கு. லாசர் சார் எடத்தக் குத்தகைக்குப் பேச."

"பத்திரம் யாரு பேருல?" உள்ளேயிருந்து ராம்கி.

"எம்பேருல."

விருமாண்டி வாசலுக்கு வந்தார். "அப்ப காட்டுல நிக்கிற காம்ப என்ன செய்ய? மாட்டுக்கு அறுத்துப் போடவா?"

"வேணாம். பக்கத்துல மொட்டு விடும். அதையும் கிள்ளிறாதீங்க," என்றாள் செல்வி, சாவியைத் திருகியபடி. "நானே வந்து வெட்டிக்கிறேன். காம்போட."