ஆற்றைக் கடக்காத படை

யுவராணியின் படை காலையிலிருந்து ஆற்றங்கரையிலேயே நின்றது. பாலத்தைத் தாண்டினால்தான் எதிரி கிளம்புவான். தாண்டாதவரை கோட்டைக்குள் சும்மா இருப்பான். கம்ப்யூட்டரோடு தனியாக ஆடும் போர் விளையாட்டில் அவளுக்குப் பிடித்ததே எதிரியின் இந்த மரியாதைதான்.

"நெட்ல வந்து ஆளுங்களோட ஆடுங்க அண்ணி, அப்பத்தான் கிக்கு" என்பான் கொழுந்தன் அருண்ராஜ். அவன் ஆடும்போது பார்த்திருக்கிறாள். முகம் தெரியாத எவனோ, வீடு கட்டி முடிப்பதற்குள் வந்து கொளுத்திவிட்டுப் போவான். அந்தக் கண்றாவி எதற்கு? இங்கே நிதானமாகச் சுவர் எழுப்பலாம், ஆள் சேர்க்கலாம், தோற்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். அவள் தயாராகும்வரை உலகமே காத்திருக்கும்.

இன்றைக்கு அது ரொம்பவே தேவைப்பட்டது. மழையால் உப்பளத்தில் வேலை இல்லை. கடலுக்குப் போன புருஷன் வேல்முருகன் விடியலிலேயே கரை திரும்பியிருக்க வேண்டும்; மதியமாகியும் வரவில்லை. அவன் போனும் அணைந்து கிடந்தது. காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது. அவள் இன்னொரு கோபுரம் கட்டினாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். பக்கத்துத் தெரு பொன்னிக்கு, புருஷன் கடலில் மூழ்கிய சேதி தெரியாத நம்பரில்தான் வந்தது. எடுக்காதவரை எதுவும் நடக்கவில்லை என்று யுவராணியின் கை தானாகவே முடிவு செய்துவிட்டது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. புத்தியெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ, கம்ப்யூட்டர் திரையையே வெறித்துக்கொண்டு வில்லாளிகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை அடித்தபோது பயம் தாங்காமல் எடுத்துவிட்டாள்.

"யுவா! எத்தினி வாட்டிடி அடிக்கிறது? இது கூட வந்த பச்சமுத்து போனு, என்னுது தண்ணியில பூடுச்சு. எஞ்சின் நின்னுடுச்சு, காத்து கடலுக்குள்ள தள்ளுது. டவர் போவுது. தம்பிகிட்ட சொல்லி படகு அனுப்பு, நாங்க எங்க இருக்கோம்னா..."

அவ்வளவுதான். திருப்பி அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

கரைக்கு ஓடினாள். சேதியைக் கேட்டதுமே அருண்ராஜ் ஆட்களைக் கூட்டிப் படகைத் தண்ணீரில் தள்ளினான். எஞ்சினைக் கிளப்பிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"எந்தப் பக்கம் அண்ணி? எங்க இருக்காருன்னு அண்ணன் சொன்னாரா?"

படகில் இருந்த எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"முன்னாடியே ரெண்டு வாட்டி அடிச்சாருப்பா," என்றாள். "நான்தான் எடுக்கல."