மூன்று கல்வெட்டும் ஒரு மழையும்

எங்கள் கல்லூரி வானொலி மூன்று முறை திறந்து வைக்கப்பட்டது. வாசலில் மூன்று கல்வெட்டுகள். மூன்றிலும் வெவ்வேறு வருடம். முதல் விழாவுக்கு அழைத்திருந்த இரண்டு விருந்தினர்களில் ஒருவர் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் சிக்கி, ரிப்பன் வெட்டி முடிந்தபின் வந்து சேர்ந்தார். அவர் மனம் நோகக்கூடாதென்று மறுவருடம் அவருக்கென்றே ஒரு திறப்பு விழா. ஒலிபரப்பில் பாதி கர்நாடகாவில் போய் விழுகிறதே என்று அதற்கடுத்த வருடம் வேறொரு விருந்தினரை வைத்துக் கன்னடத்தில் ஒன்று.

இதில் எது உண்மையான தொடக்க நாள் என்று கண்டுபிடிக்காவிட்டால் நான் பரீட்சை எழுத முடியாது. என் வருகைப்பதிவு அறுபத்தொரு சதவீதம். ஆகஸ்ட் முழுக்க வானொலியில் ‘ஆன் டூட்டி’ இருந்தேன் என்று பொறுப்பாளர் பிரவீனா மேடம் கடிதம் கொடுத்தால்தான் ஹால் டிக்கெட்.

“பத்தாம் ஆண்டு மலருக்கு ஸ்டேஷன் வரலாறு ரெண்டு பக்கம் எழுதிக் குடு சக்தி, கையெழுத்து போடறேன்” என்றார்.

“எந்தத் தேதியில இருந்து மேடம் பத்து வருசம்?”

“அதத்தான உன்னக் கேக்கறேன்?”

ஆன்டெனா ஏற்றியவர் பாகலூரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அக்பர் பாஷா. அவரிடம் போனேன்.

“மூணுமே இல்ல தம்பி. ஒருவாட்டி கரண்ட் இல்ல, ஒருவாட்டி வயர் இல்ல, கன்னட விழாவுல மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு.”

“ஜனங்க கை தட்டுன போட்டோ இருக்குதே பாய்?”

“பிரியாணி போட்டாங்க தம்பி.”

“பின்ன எப்பதான் பேசுச்சு?”

“ஒருநாள் மத்தியானம் டெஸ்டிங். என்னா பேசறதுன்னு தெரியல. வானம் கறுத்துக்கினு வந்துச்சு. ‘பேகம், மழை வருது, மாடியில துணிய எடு’ன்னேன். என்னிக்காவது பேசும்னு டீக்கடையில ரேடியோவத் திருகியே வெச்சிருந்தாங்க போல. பாகலூர் பூரா துணிய எடுத்துட்டாங்க.”

“பேகம் அக்கா?”

“அவ டிவி பாத்துக்கினு இருந்தா. எங்க வூட்டுத் துணி மட்டும் நனைஞ்சுச்சு.”

“என்னா தேதி பாய்?”

“அது துணி நனைஞ்சவளுக்குத்தான் தெரியும். அவளக் கேக்காத, இன்னும் கோவமா இருக்கறா.”

மறுநாள் ஒலிபரப்பில் நேயர்களையே கேட்டுவிட்டேன். பாய் சொன்னதை, பாய் சொன்ன அதே குரலில் ஒருமுறை சொல்லிக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் பதினோரு அழைப்புகள். முதலில் அழைத்தவர் வெங்கடம்மாள்.

“ஏம்ப்பா, மழை எங்க? காயப்போட்ட ராகிய பூரா வாரிக்கினு உள்ள வந்துட்டேன்.”

“நான் பழைய மழையச் சொன்னேங்கம்மா.”

“பழைய மழைக்கு இப்ப எதுக்குக் கூவற?”

அடுத்தவர் கன்னடத்தில் திட்டினார், அதற்கடுத்தவர் தெலுங்கில். மூன்று மொழியிலும் நன்றாகப் புரிந்தது. தேதி மட்டும் எந்த மொழியிலும் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பிரவீனா மேடம் விரல்விட்டு எண்ணினார். “மூணு விருந்தாளியும் மலர் வெளியீட்டுக்கு வராங்க. ஒருத்தர் தேதியப் போட்டா மத்த ரெண்டு பேருக்கும் கோவம் வரும். இன்னிக்கு என்ன தேதி?”

“நவம்பர் பதினெட்டு.”

“அதையே போட்டுடு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.”

“பத்தாம் ஆண்டு மலர் மேடம்.”

“அது அட்டையில. இது உள்ள.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அப்படியே எழுதிக் கொடுத்தேன், கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று வரலாற்றையும் மேடமே அதோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்.

தேர்வுப் பிரிவு நாராயணப்பன் சார் கையில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பவர். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஸ்டேஷன் இன்னிக்குத்தான் தொறந்திருக்குதுன்னு போட்டிருக்குது. ஆகஸ்ட்ல எங்கப்பா நீ டூட்டி பாத்த?”

“சார், வாசல்ல மூணு கல்வெட்டு இருக்குது சார்.”

“அதுல எதுன்னு சொல்லு,” என்றார், “ஹால் டிக்கெட் தந்துடறேன்.”